மீன் உண்ணும் வீட்டிலும் பி12 குறையலாம்: வைட்டமின் குறைபாடு மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் விதம்

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 63 வயதான உங்கள் அம்மா 10 ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையும், வயிற்றெரிச்சலுக்குப் பேன்டோபிரசோல் மாத்திரையும் எடுத்து வருகிறார். ஓராண்டாக அவருடைய பாதங்கள் மரத்துப்போகின்றன; செருப்பு கழன்று விழுவதுகூட அவருக்குத் தெரிவதில்லை; இருட்டில் நடக்கத் தடுமாறுகிறார்; அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார்; முன்பு இல்லாத கோபம் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 140 பிகோகிராம் என்று வந்திருக்கிறது. நாள் தவறாமல் மீன் சமைக்கும் வீட்டில் இது எப்படிக் குறையும், ஒரு வைட்டமின் குறைந்தால் மூளை வரை பாதிக்குமா, நீராகாரமும் சுருள்பாசி மாத்திரையும் போதும் என்று உறவினர்கள் சொல்வது சரியா, இழந்தது திரும்பி வருமா என்பவையே உங்கள் கேள்விகள்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 200 பிகோகிராமுக்குக் குறைந்தால் அது பற்றாக்குறை என்றே பெரும்பாலான ஆய்வகங்கள் கொள்கின்றன. அம்மாவுக்கு இருக்கும் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தில் ஏற்பட்ட குறையை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம். நரம்பு அப்படிப்பட்டதன்று, அது எவ்வளவு காலம் பட்டினி கிடந்தது என்பதைப் பொறுத்தே அது மீள்வதும் மீளாததும் அமைகிறது.

பி12 தாவரங்களிலோ விலங்குகளிலோ உருவாவதில்லை. சில வகை நுண்ணுயிரிகள் மட்டுமே அதை உருவாக்குகின்றன; விலங்குகளின் உடலில் சேர்ந்து, மீன், இறைச்சி, முட்டை, பால் வழியாக நமக்கு வருகிறது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். பாம்பனிலும் மண்டபத்திலும் மலிவாகக் கிடைக்கும் சாளை மீன் 100 கிராமில் இதைப்போல் சில மடங்கு இருக்கிறது. மட்டியிலும் நண்டிலும் நிறைய உண்டு. ஆகவே, நம் கடற்கரையில் உணவில் பி12 இல்லை என்று சொல்ல முடியாது. சிக்கல் வாய்க்குள் போன பிறகு தொடங்குகிறது.

மீனில் உள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கிறது. இரைப்பையில் சுரக்கும் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அந்தப் பிணைப்பை விடுவிக்க வேண்டும். பிறகு, இரைப்பைச் சுவரின் செல்கள் சுரக்கும் 'இன்ட்ரின்சிக் ஃபாக்டர்' என்ற புரதம் அதை ஏந்திக்கொண்டு, சிறுகுடலின் கடைப்பகுதி வரை சென்று, அங்குள்ள ஏற்பிகளில் சேர்க்க வேண்டும். இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும், தட்டில் எவ்வளவு மீன் இருந்தும் பயனில்லை. பேன்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவை அமிலத்தைக் குறைப்பதால் முதற்படியிலேயே தடை ஏற்படுகிறது. மெட்ஃபார்மின் குடலின் கடைப்பகுதியில் நடக்கும் உறிஞ்சுதலைக் குறைக்கிறது. பி12 குறைவதை இம்மருந்தின் பரவலான பக்கவிளைவுகளில் ஒன்றாகவே கருத வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் அம்மா இரண்டையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து எடுத்திருக்கிறார். இவை தவிர, சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே இரைப்பைச் செல்களை அழித்துவிடுவதுண்டு. அதைப் பெர்னீஷியஸ் அனீமியா என்பார்கள். இந்த வாய்ப்பையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இவ்வளவு ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்தது ஏன் என்பதற்கும் விடை உண்டு. உடலில், பெரும்பாலும் கல்லீரலில், இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை பி12 சேமிப்பு இருக்கிறது. அன்றாடச் செலவு மிகக் குறைவாக இருப்பதால், வரவு நின்றுபோனாலும் அந்தச் சேமிப்பு பல ஆண்டுகளுக்குத் தாங்கும். அது தீரும் தறுவாயில்தான் அறிகுறி தொடங்குகிறது. அதனாலேயே பத்தாண்டுகளாக ஒத்துக்கொண்ட மாத்திரையின் மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

இனி, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். உடலில் இரண்டு வேதிவினைகளுக்குப் பி12 கட்டாயம் தேவை. ஹோமோசிஸ்டீனை மெத்தியோனைனாக மாற்றுவது ஒன்று. மெத்தில்மலோனைல் என்ற பொருளை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்வது மற்றொன்று. முதல் வினை தடைப்பட்டால், நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறையைப் பேணுவதற்கும், நரம்புச் செல்கள் தம்முள் பரிமாறும் சில வேதிப்பொருள்களை உருவாக்குவதற்கும் வேண்டிய மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் கிடைப்பதில்லை. மையலின் முதலில் வீங்கி, இடையிடையே வெற்றிடங்கள் தோன்றி, பின் சிதைகிறது. அந்தக் கட்டத்தில் சிகிச்சை தொடங்கினால் உறை மீண்டும் உருவாக இடமுண்டு. அதையும் தாண்டி உள்ளிருக்கும் இழையே அறுந்துபோனால், மூளையிலும் தண்டுவடத்திலும் அது மீண்டும் வளர்வது அரிது.

தண்டுவடத்தில் இந்தச் சிதைவு குறிப்பிட்ட இரண்டு இடங்களைத் தேர்ந்து தாக்குகிறது. கால் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வையும் அதிர்வுணர்வையும் மூளைக்கு ஏற்றிச் செல்லும் பின்பகுதி ஒன்று. மூளையின் கட்டளையைக் கால்களுக்கு இறக்கிக் கொண்டுவரும் பக்கப்பகுதி மற்றொன்று. இரண்டும் சேர்ந்து கெடுவதால் மருத்துவர்கள் இதை 'சப்அக்யூட் கம்பைண்டு டிஜெனரேஷன்' என்கிறார்கள். பின்பகுதி கெடும்போது, கண்ணால் பார்த்துத்தான் காலை வைக்க முடியும் என்ற நிலை வருகிறது. பகலில் சமாளித்துவிடுபவர் இருட்டில் தடுமாறுவதும், முகத்தில் சோப்பைப் போட்டுக் கண்ணை மூடியதும் சாய்வதும், கெட்டித் தரையில் நடப்பவர் கடற்கரை மணலில் கால் வைக்கவே அஞ்சுவதும் இதனால்தான். பக்கப்பகுதியும் கெட்டால் கால்கள் விறைத்துக்கொள்கின்றன; சிறுநீரை அடக்குவதிலும் சிக்கல் வரலாம். கழுத்தைக் குனியும்போது முதுகுத்தண்டின் வழியே மின்சாரம் பாய்வதுபோல் உணர்ந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் பின்பகுதி கவிழ்த்த 'வி' வடிவில் வெளிறித் தெரிவது உண்டு. ஆனால், படம் இயல்பாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இந்த இடத்தில் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவரின் கால் மரத்துப்போனால், 'சர்க்கரையால் வந்தது' என்று வீட்டாரும் சொல்லிவிடுகிறார்கள், சில வேளைகளில் மருத்துவமனையிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். சர்க்கரையாலும் கால் மரக்கும்; ஆனால் அது தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகளைத் தாக்குவதால், கணுக்காலில் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் மங்கிவிடும். தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருந்தால் முழங்காலில் அந்த அனிச்சைச் செயல் மிகையாக இருக்கலாம்; உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழலாம். இரண்டும் ஒருவரிடமே கலந்திருப்பதும் உண்டு. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தப் பரிசோதனைகளைச் செய்யாமல், சர்க்கரையின் மீது பழியைப் போட்டு ஆண்டுகளைக் கழிப்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஏனென்றால், இரண்டில் ஒன்றுக்கு மிக எளிய மருந்து இருக்கிறது.

பி12 குறைந்தால் ரத்தசோகை வருவதும் சிவப்பணுக்கள் பெரிதாவதும் வழக்கம்; ஆனால் ரத்தசோகை இல்லையே என்று நிம்மதி அடைவதும் தவறு. 1988இல் ஜான் லிண்டன்பாம் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், பி12 குறைபாட்டால் நரம்பு அல்லது மனநலப் பாதிப்பு ஏற்பட்ட 141 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 40 பேருக்கு ரத்தசோகையோ சிவப்பணுக்கள் பெரிதாவதோ இல்லை என்று கண்டார்கள். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருந்தால், சிவப்பணுக்களின் அளவு நடுநிலைக்கு வந்து, பி12 குறைவை மறைத்துவிடும்.

இதைவிட ஆபத்தான மறைப்பு ஒன்று பி9 எனப்படும் ஃபோலிக் அமிலத்தால் நிகழ்கிறது. உயிரைப் பறித்துவந்த பெர்னீஷியஸ் அனீமியாவுக்கு ஈரல் உணவு மருந்தாகும் என்று மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1926இல் காட்டினார்கள். விப்பிள் என்ற மற்றோர் அமெரிக்க மருத்துவரோடு சேர்ந்து அவர்களுக்கு 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த பொருள் பி12 என்று பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். அதற்குச் சற்று முன், 1940களின் நடுவில், செயற்கை ஃபோலிக் அமிலம் கிடைக்கத் தொடங்கியதும், அதையே இந்நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறியது, முகம் தெளிந்தது. ஆனால் நரம்புச் சிதைவு நிற்காமல் தொடர்ந்தது, சிலருக்கு வேகமாக முற்றியது. ஆகையால், கால் மரப்புக்கும் சோர்வுக்கும் மருந்துக்கடையில் சொல்லி ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 நிலையை அறிந்து, அதைச் சரிசெய்துகொண்டே ஃபோலிக் அமிலம் கொடுக்க வேண்டும்.

மறதியும் கோபமும் பற்றிக் கேட்டீர்கள். பி12 குறைவு மூளையையும் தாக்குகிறது: மறதி, சிந்தனை மந்தம், மனச்சோர்வு, சந்தேகப் புத்தி, சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்பது வரை போகலாம். பார்வை நரம்பு கெட்டுப் பார்வை மங்குவதும் உண்டு. நம் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பொறுத்தவரை இதைக் கனத்த மனத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. மனம் பிறழ்ந்தவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுவந்து தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்ததை இந்தக் கடற்கரையில் யாரும் மறக்கவில்லை. அவர்களுடைய நோய் என்ன என்று நான் சொல்ல வரவில்லை. நடுத்தர வயதுக்கு மேல் ஒருவருடைய குணம் திடீரென மாறினால், பிரார்த்தனை ஒருபக்கம் இருக்கட்டும், பி12, தைராய்டு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை அந்த வாரமே செய்துவிடுங்கள் என்று எல்லாக் குடும்பங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீராகாரத்தையும் சுருள்பாசியையும் பற்றி. பழைய சோறும் நீராகாரமும் நல்ல உணவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சோற்றைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் நம் தேவைக்குப் போதுமான பி12ஐ உண்டாக்கும் என்று நம்ப இடமில்லை. சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினாவில் பி12 என்று கணக்கிடப்படுவதில் பெரும்பகுதி, உருவத்தில் ஒத்திருந்தும் மனித உடலில் வேலை செய்யாத போலிப் பொருள். நம் பெண்கள் சின்னப்பாலத்திலும் பிற ஊர்களிலும் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் உணவைக் கெட்டியாக்கும் அகரும் ஆல்ஜினேட்டும் தயாரிக்கப் பயன்படுகின்றன. அவற்றையும் பி12க்காக நம்பக் கூடாது. தண்டுவடம் சிதைந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு இவற்றைக் கொடுத்துக் காத்திருப்பது, திரும்பக் கிடைக்காத மாதங்களை இழப்பதாகும்.

பிற வைட்டமின்களில் தயமின், அதாவது பி1, தனியாகப் பேசப்பட வேண்டியது. பி12 பல ஆண்டுகள் தாங்கும் என்றேன். தயமினின் சேமிப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான், வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். மூளை குளுக்கோசை எரித்தே வாழ்கிறது. அந்த எரிப்புக்குத் தயமின் இன்றியமையாதது. அது தீர்ந்ததும் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் நாள்கணக்கில் கெடத் தொடங்குகின்றன: குழப்பம், கண்விழிகளின் அசைவில் கோளாறு, நடைத் தள்ளாட்டம். 1881இல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோய் இது. மூன்றும் ஒருசேரத் தென்படாத நோயாளிகளே மிகுதி. சிகிச்சை பெறாதவர் இறந்துபோகலாம். பிழைத்தால், புதிதாக எதையும் நினைவில் கொள்ள முடியாத கோர்சகாஃப் நிலையில் எஞ்சிவிடலாம்.

கீழைக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்ற அந்த 61 நாட்களில் சோறு தொடாமல் குடியிலேயே நாளைக் கழிக்கும் ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயமின் தீர்வதற்கு அதில் பாதி நாட்களே போதும், மது அதன் உறிஞ்சுதலையும் கெடுப்பதால். அப்படிப்பட்டவர் தள்ளாடினால், போதை என்று திண்ணையில் கிடத்திவிடுகிறார்கள். போதை தெளிந்த பிறகும் தள்ளாட்டமும் குழப்பமும் நீடித்தால் அது போதை அன்று. இன்னொன்றும் உண்டு. உடல் தளர்ந்தவருக்குக் 'குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்' என்று நாமே கேட்டு வாங்குகிறோம். தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், எஞ்சியிருக்கும் துளித் தயமினும் செலவாகி, மூளைக் கேடு முற்றக்கூடும். குடிப்பழக்கம் உள்ளவர், பல நாள் வாந்தி எடுத்த கர்ப்பிணி, நெடுநாள் உணவின்றி இருந்தவர் ஆகியோருக்குத் தயமின் ஊசியை முன்னதாகவோ உடன்சேர்த்தோ போட வேண்டும் என்பது மருத்துவர்கள் அறிந்த விதி. உறவினர்களும் 'இவர் பல நாளாகச் சாப்பிடவில்லை' என்று மறைக்காமல் சொல்ல வேண்டும்.

புழுங்கல் அரிசி நம்மை ஓரளவு காத்து வந்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமி, தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தீட்டிய பச்சரிசியை உண்ட வட சர்க்கார் கடற்கரையில் (இன்றைய ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய பகுதி) தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியிருந்த காலத்தில், புழுங்கல் அரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. அரிசியை அளவுக்கு மீறிக் கழுவுவதும், கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுவதும் இந்த நன்மையைக் குறைக்கும். பச்சை மீனிலும் மட்டியிலும் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. குழம்பு கொதித்தால் அது அழிந்துவிடும் என்பதால் நமக்குக் கவலை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியாசின், அதாவது பி3, குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோயில், வெயில் படும் தோல் கருத்து உரிவதும் வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் சேர்ந்து வரும். காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை பி6ஐக் குறைப்பதால்தான் அதோடு பைரிடாக்ஸின் எனப்படும் பி6 மாத்திரையும் தருகிறார்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். ஆனால் அதே பி6ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். 'சத்து மாத்திரைதானே' என்று எல்லையின்றி எடுப்பது ஆபத்து. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் ஏறத்தாழ 28ஆம் நாளிலேயே மூடிவிடுகிறது. கர்ப்பம் என்று தெரியும் முன்பே அது முடிந்துவிடுவதால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். அந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு முன்பு குழந்தை பெற்ற தாய்மாருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது, மீண்டும் அவ்வாறு நேர்வது 72 விழுக்காடு குறைந்தது என்று 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டது. தாய்க்குப் பி12 குறைவாக இருந்து தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தை, சில மாதங்களுக்குப் பின் சிரிப்பதையும் தலை நிற்பதையும் இழக்கலாம், கைகால் நடுங்கலாம். இதைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உங்கள் அம்மாவுக்குத் திரும்பி வருகிறேன். நரம்புப் பாதிப்பு இருக்கும்போது ஊசியில் தொடங்குவதே சரி. பொதுவாக 1000 மைக்ரோகிராம் ஊசியை முதலில் தினமும் அல்லது ஒன்றுவிட்ட நாளும், பிறகு வாரத்துக்கொன்றும், பிறகு மாதத்துக்கொன்றுமாகப் போடுவார்கள். எத்தனை என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். பின்னாளில் மாத்திரைக்கு மாறலாம். மீனில் இருந்து எடுக்க முடியாதவர் மாத்திரையில் இருந்து எடுப்பது எப்படி என்றால், மாத்திரையில் உள்ள பி12 புரதத்தோடு பிணையாதது, அமிலம் தேவையில்லை. மேலும், அளவு மிகுதியாக இருக்கும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு எந்தத் துணையுமின்றியே குடலைக் கடந்துவிடும்.

சோர்வு சில வாரங்களில் குறையும். கால் உணர்வும் நடையும் மூன்று முதல் ஆறு மாதங்களில் மெல்லத் தேறும். ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரலாம். தொடக்கத்தில் எரிச்சலும் குறுகுறுப்பும் சற்று மிகுந்தால் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஓராண்டுக் காலப் பாதிப்பு என்பதால், சிறிதளவு மரப்பு நிலைத்துவிடக்கூடும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மறதி இந்தக் குறையால் மட்டும் வந்ததானால் தேறும். ஆறு மாதங்களுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் வேறு காரணத்தைத் தேட நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை இரவில் விளக்கு எரியட்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதியுங்கள், பாதங்களைத் தினமும் நீங்களே பார்த்துக் காயம் இருக்கிறதா என்று சோதியுங்கள்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். அது அவருக்குத் தேவையான மருந்து. பேன்டோபிரசோல் இன்னும் வேண்டுமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். பி12 அளவை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஏதேனும் செய்ய நேர்ந்தால், இந்தக் குறைபாட்டை மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு உடலில் எஞ்சியுள்ள பி12ஐயும் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால், அவர் வேறு மருந்தைத் தேர்ந்துகொள்வார்.